"5 ஆண்டுகளுக்கு முன் இதே நாள்..." - டயரிச் செயலி எதைக் காட்டவேண்டும்? எதைக் காட்டக்கூடாது?

காலை மணி 6.30. கிழக்கு-மேற்கு ரயில் பாதையில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஜூ கூனுக்குப் பிறகு இன்னும் 4 நிலையங்கள். கடைசி நிலையம் துவாஸ் லிங்க்.

கைத்தொலைபேசி அதிர்கிறது. "5 ஆண்டுகளுக்கு முன் இதே நாள்!"

திறந்து பார்க்கிறீர்கள். தேக்காவில் பாட்டியோடு வாழையிலையில் சாப்பிட்ட படம். பாட்டி இப்போது இல்லை.

ஒரு நாள் அந்தப் படம் உங்களைச் சிரிக்க வைக்கும். இன்னொரு நாள், ரயிலில் அத்தனை பேருக்கு நடுவே கண் கலங்க வைக்கும். இன்று எது என்று செயலிக்குத் தெரியாது. காட்டச் சொல்லி நீங்கள் கேட்கவும் இல்லை. அதுவாகவே முடிவு செய்துவிட்டது.

டயரி எழுதும் செயலிகள் இன்று நிறைய வந்துவிட்டன. 'டே ஒன்' செயலி 2011இல் வந்தது. ஆப்பிள் நிறுவனம் 2023 டிசம்பரில் 'ஜர்னல்' செயலியை ஐஃபோனில் சேர்த்தது. சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பார்க்கும் மாணவர்களும் உண்டு.

எழுதுவதற்குப் பெட்டி அமைத்துக் கொடுப்பது எளிது. எழுதியதைத் திரும்பக் காட்டுவதுதான் கடினம். அதுவும் தமிழில் எழுதுபவருக்கு, பண்டிகையும் திதியும் பார்ப்பவருக்கு, சிங்கப்பூரிலும் ஊரிலுமாக வாழ்பவருக்கு அதில் தனிச் சிக்கல்கள் உண்டு.

அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

நாம் புதிதாகத் தொடங்கவில்லை

தமிழில் நாள்தோறும் எழுதும் பழக்கத்துக்குப் பெரிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர்.

1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில் இறக்கும் வரை, கிட்டத்தட்ட 25 ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஆளுநர் சொன்னது, வீட்டு விசேஷம், ஊர் வம்பு எல்லாமே அதில் இருக்கின்றன. அன்றைய பேச்சு வழக்கிலேயே எழுதினார்.

அவர் மறைந்து பல்லாண்டு கழித்து, 1846இல்தான் அந்தக் குறிப்புகள் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அவர் சாதாரணமாக எழுதி வைத்தவைதான் இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம்.

சிங்கப்பூரிலும் ஓர் உதாரணம் உண்டு. பங்களாதேஷிலிருந்து இங்கு வேலைக்கு வந்த முகமது ஷரீஃப் உதின், தம் அனுபவங்களைக் குறித்து வைத்தார். அவை 'ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்' என்ற நூலாக 2017இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டு சிங்கப்பூர்ப் புத்தக விருதையும் வென்றது அந்த நூல்.

நாடு முழுக்க நினைவுகளைச் சேகரிக்கும் முயற்சியும் நடந்தது. தேசிய நூலக வாரியம் 2011இல் 'சிங்கப்பூர் நினைவுத் திட்டத்தை' அறிமுகம் செய்தது. 5 மில்லியன் நினைவுகளைத் திரட்டுவது அதன் இலக்கு.

இவை எல்லாம் ஊருக்காகச் சேர்ந்தவை, அல்லது பிறகு ஊருக்குச் சொந்தமானவை. உங்கள் தொலைபேசியில் இருக்கும் டயரிக்கு வாசகர் ஒருவர்தான். பல ஆண்டு கழித்து வரும் நீங்கள்!

அந்த வாசகருக்கு என்ன தேவை?

முதல் கேள்வி: எதை எழுதி வைக்கவேண்டும்?

பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? பிறந்தநாள், பட்டமளிப்பு, வெளிநாட்டுப் பயணம் என்று 'பெரிய' நாள்களை மட்டும் பதிவு செய்கிறோம். சாதாரண நாளில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

ஹார்வர்ட் வர்த்தகப் பள்ளி ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 2014இல் வெளியானது. மாணவர்களிடம் அன்றாட விஷயங்களை எழுதச் சொன்னார்கள்: அண்மையில் யாரோடு பேசினோம், என்ன பாட்டுக் கேட்டோம், நண்பர்களுக்குள் மட்டும் புரியும் ஜோக் என்ன... 3 மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருப்பீர்கள் என்றும் கேட்டார்கள்.

"பெரிசா ஒண்ணும் இருக்காது" என்ற ரீதியில்தான் பதில் வந்தது. 3 மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் நினைத்ததைவிட ஆர்வம் அதிகம்! சாதாரண நாள்களின் மதிப்பைத்தான் நாம் மிகவும் குறைவாக எடைபோடுகிறோம் என்பது அந்த ஆய்வு காட்டிய இன்னொரு விஷயம்.

ஆகவே நல்ல செயலி "இன்று சிறப்பாக என்ன நடந்தது?" என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலான நாள் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். "இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? யாரோட?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

இரண்டாவது கேள்வி: எதை வைத்து நினைவு திரும்பும்?

வில்லெம் வாகெனார் என்ற நெதர்லந்து உளவியலாளர் தம்மையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். 6 ஆண்டுகளில் தம் வாழ்க்கையில் நடந்த 2,400 நிகழ்வுகளைக் குறித்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் 4 குறிப்புகள்:

* என்ன நடந்தது?
* யாரோடு?
* எங்கே?
* எப்போது?

பிறகு ஒரே ஒரு குறிப்பை மட்டும் பார்த்து, மற்றவை நினைவுக்கு வருகின்றனவா என்று சோதித்தார். முடிவுகள் 1986இல் வெளியாயின.

'என்ன' என்பதுதான் மிகவும் கைகொடுத்தது. 'யார்', 'எங்கே' இரண்டும் அடுத்த நிலையில். தேதியை மட்டும் பார்த்து எதையும் நினைவுக்குக் கொண்டுவருவது கிட்டத்தட்ட முடியவில்லை!

இப்போது உங்கள் தொலைபேசியைப் பாருங்கள். பெரும்பாலான செயலிகள் எதை வைத்து நினைவுகளைக் காட்டுகின்றன? தேதியை வைத்து. கணினிக்குத் தேதி எளிது என்பதுதான் காரணம். மனித மனம் அப்படி இயங்குவதில்லை.

துவாஸுக்கே வருவோம். மீன் பிடிக்கும் முறையைக் குறிக்கும் 'மெனுவாஸ்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. தென்னங்கீற்றைக் கடலில் போட்டு வைப்பார்கள். அந்த நிழலுக்கு மீன்கள் தாமாக வந்து கூடும். பிறகு வலையைத் தூக்குவார்கள்.

டயரியில் நீங்கள் எழுதும் 'யார், எங்கே, என்ன' என்ற மூன்று சொற்களும் அந்தக் கீற்று மாதிரிதான். நிழல் இருந்தால் மற்றவை தாமாக வந்து சேரும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இடத்தை வரைபடப் புள்ளியாக மட்டும் சேமித்தால் போதாது. துவாஸ் ஒரு காலத்தில் மீனவக் கிராமம். கடலை நிரப்பி நிலமாக்கி, தொழிற்பேட்டை வந்தது. 2017 ஜூனில் ரயில் வந்தது. 2022 செப்டம்பரில் புதிய துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் அது முழுமையடையும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளமுடியும் என்பது திட்டம்.

20 ஆண்டு கழித்து அதே புள்ளியில் வேறு ஏதோ இருக்கும். "பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி, செல்வா அண்ணன் டீ வாங்கித் தந்த இடம்" என்று உங்கள் சொற்களில் எழுதியிருந்தால்தான் அது உங்கள் இடம்.

மூன்றாவது கேள்வி: தீபாவளி எந்தத் தேதி?

'இதே நாள்' என்ற வசதி நம்மைப் போன்றவர்களிடம் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள்.

* தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20.
* தைப்பூசம் 2024இல் ஜனவரி 25. 2025இல் பிப்ரவரி 11.

சென்ற தீபாவளிக்கு எழுதியதை இந்தத் தீபாவளியன்று செயலி காட்டாது. யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண வேலை நாளில் கொண்டுவந்து காட்டும்!

திதியும் அப்படித்தான். தாத்தாவின் நினைவு நாளை வீட்டில் தமிழ் மாதமும் திதியும் பார்த்துத்தான் வைப்பார்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

தீர்வு? பதிவு செய்யும்போதே 'தீபாவளி', 'தாத்தா திதி' என்று ஓர் அடையாளம் போட இடம் இருக்கவேண்டும். இந்த ஆண்டு அது எந்தத் தேதி என்று செயலி பண்டிகை நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேர வித்தியாசம் இன்னொரு தொல்லை. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஜனவரி 15, நள்ளிரவு தாண்டி 12.30க்கு இங்கே ஒரு பதிவு எழுதுகிறீர்கள். அப்போது தஞ்சாவூரில் ஜனவரி 14, இரவு 10 மணி.

பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் செயலியைத் திறந்தால், சில செயலிகளில் அதே பதிவு 14ஆம் தேதிக்கு நகர்ந்திருக்கும். நிகழ்வு நடந்த ஊரின் நேரத்தையும் சேர்த்துச் சேமித்தால் இந்தக் குழப்பம் வராது.

நான்காவது கேள்வி: தமிழில் தேடினால் கிடைக்குமா?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினால், அதன் பன்மை வடிவமும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைத்துவிடும். பின்னால் ஓர் எழுத்து கூடுகிறது, அவ்வளவுதான்.

தமிழ் அப்படி இல்லை. 'வீடு' என்று தேடுகிறீர்கள். டயரியில் 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். 'வீடு' என்ற எழுத்துத் தொடர் அவற்றில் எதிலும் இல்லை. "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வரும். 'மரம்' - 'மரத்தில்' அதே கதை.

சரி, 'வீட' வரை மட்டும் பொருத்திப் பார்க்கலாம் என்றால்? 'வீட்டில்' கிடைக்கும். கூடவே 'வீடியோ'வும் வந்து நிற்கும்!

தேடலுக்கு முன் சொல்லின் வேரைக் கண்டுபிடிக்கும் விதிகளைச் செயலியில் சேர்க்கவேண்டும். வேற்றுமை உருபு சேரும்போது 'டு' என்பது 'ட்டு' ஆகும், 'ம்' போய் 'த்து' வரும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்த இலக்கணம் இங்கே உதவுகிறது!

நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்திலும் எழுதுகிறோம். 'சாப்பிட்டியா' என்பதை ஒருவரே நான்கு விதமாக எழுதுவார். ஒலியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தேடல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்பு சொன்ன 'யார், எங்கே, என்ன' அடையாளங்கள் காப்பாற்றும்.

ஐந்தாவது கேள்வி: வலிக்கும் நினைவை என்ன செய்வது?

இதுதான் முக்கியமான கேள்வி.

2014 டிசம்பர். ஃபேஸ்புக் ஒவ்வொருவருக்கும் 'இந்த ஆண்டு ஒரு பார்வை' என்று படத்தொகுப்பு தயாரித்துக் காட்டியது. இணைய வடிவமைப்பு வல்லுநர் எரிக் மேயருக்கும் காட்டியது. முகப்பில் இருந்த படம் அவருடைய மகள். 6 வயதுச் சிறுமி, அந்த ஆண்டுதான் மூளைப் புற்றுநோயால் இறந்தவர். படத்தைச் சுற்றிக் கொண்டாட்டச் சித்திரங்கள்!

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அதிகம் பேர் பார்த்த படத்தை எடு, அலங்காரம் செய், காட்டு என்று எழுதப்பட்ட நிரல் தன் வேலையைச் செய்தது. மேயர் அதைப் பற்றி எழுதினார். அது பரவலாகப் பேசப்பட்டது. ஃபேஸ்புக் தரப்பும் வருத்தம் தெரிவித்தது.

அவர் வைத்த கோரிக்கைகள் எளிமையானவை. முதலில் என்னிடம் கேளுங்கள். நான் சரி என்று சொல்லும் முன் படத்தை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

பிறகு வந்த 'இதே நாள்' வசதியில், குறிப்பிட்ட ஆளையோ தேதியையோ காட்டவேண்டாம் என்று சொல்ல ஃபேஸ்புக் 2015இல் வழிசெய்தது. இப்போது வேறு பல செயலிகளிலும் அது உண்டு.

துவாஸ் வட்டாரத் தங்குவிடுதியில் இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல். கிருமிப்பரவலால் விடுதி அறையை விட்டு வெளியே போகமுடியாத நாள்கள். நண்பர்கள் சேர்ந்து சமைத்த படம் ஒன்று. மறுநாள் பக்கத்துப் படுக்கைக்காரரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன குறிப்பு ஒன்று. இரண்டும் ஒரே மாதம், ஒரே இடம், ஒரே ஆள்கள். எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று எந்த நிரலால் சொல்லமுடியும்?

அவரால்தான் சொல்லமுடியும்.

எனவே டயரிச் செயலியில் 'அழி', 'வை' என்ற இரண்டு பொத்தான்கள் போதாது. நடுவில் இன்னும் சில தேவை:

* மூடி வை: பதிவு இருக்கும். தானாக வராது. நான் தேடினால் மட்டும் காட்டு.
* அப்புறம் காட்டு: ஓராண்டு கழித்து என்னிடம் கேள்.
* இவரைக் காட்டாதே: இந்த ஆள் சம்பந்தப்பட்ட எதையும் நீயாகக் கொண்டுவராதே.
* இப்போது காட்டு: இன்று எனக்கு அந்த நினைவு வேண்டும்.

அறிவிப்பின் வாசகத்தையும் கவனிக்கவேண்டும். "அருமையான நினைவு!" என்று செயலி சொல்லக்கூடாது. அருமையானதா என்று அதற்கு எப்படித் தெரியும்? "2020 ஏப்ரலில் எழுதிய ஒரு பதிவு இருக்கிறது. பார்க்கிறீர்களா?" போதும். படம் பிறகு வரட்டும்.

ஆறாவது கேள்வி: வேறு யார் படிக்கமுடியும்?

டயரியில் இருப்பது உங்கள் வாழ்க்கை மட்டுமல்ல. அம்மாவின் நோய், நண்பனின் கடன், அக்காவின் கல்யாணப் பேச்சு எல்லாம் இருக்கும். ஒரே அறையில் பலர் தங்கும் இடத்தில், தொலைபேசி கை மாறுவதும் சாதாரணம்.

குறைந்தது இரண்டு பூட்டுகள் வேண்டும். ஒன்று, செயலியைத் திறக்கத் தனி மறைச்சொல் அல்லது கைரேகை. மற்றொன்று, முழுமையான மறையாக்கம். அதாவது பதிவு உங்கள் தொலைபேசியிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையிலேயே நிறுவனத்தின் கணினிக்குப் போகும். சாவி உங்களிடம் மட்டும் இருக்கும். நிறுவன ஊழியர்கூடப் படிக்கமுடியாது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாவியைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தரமுடியாது. "மறைச்சொல் மறந்துபோச்சு, புதுசா அனுப்புங்க" என்பது அங்கே நடக்காது. சாவியைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வைப்பது பழைய வழி. இன்றும் நல்ல வழி.

ஏழாவது கேள்வி: செயலியே மூடப்பட்டால்?

'பாத்' என்ற செயலி 2010இல் வந்தது. நெருங்கியவர்களோடு மட்டும் அன்றாடத்தைப் பகிர்ந்துகொள்வதற்கானது. 2018 அக்டோபரில் மூடப்பட்டது. அதற்குள் பதிவிறக்கிக்கொண்டவர்களுக்கு நினைவுகள் மிஞ்சின.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். சில ஆண்டுக்கு முன் தொலைபேசியை மாற்றினேன். அப்பா அனுப்பிய குரல்பதிவுகளைத் தனியாக எடுத்து வைக்கத் தோன்றவில்லை. "சாப்டியா? லேட்டாகுமா?" என்பதைத் தவிர அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய தொலைபேசியோடு அவை போய்விட்டன. படங்கள் நிறைய இருக்கின்றன. அந்த "சாப்டியா" இல்லை.

எனவே செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். எழுத்து, படம், குரல் எல்லாவற்றையும் சாதாரணக் கோப்புகளாக வெளியே எடுக்கமுடியுமா? முடியாது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் தாளைப் படிக்கக் கண் போதும். உங்கள் டயரியைப் படிக்க அந்தச் செயலியும் வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

அப்போ, இன்று என்ன செய்யலாம்?

செயலி உருவாக்குபவராக இருந்தால், மேலே உள்ள ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துபவராக இருந்தால், புதிய செயலிக்குக் காத்திருக்க வேண்டாம். தொலைபேசியில் இருக்கும் குறிப்புப் பக்கமே போதும். வேலை முடிந்து துவாஸ் லிங்கில் ரயில் ஏறினால், கிளம்பும் முன் ஒரு நிமிடம் இருக்கும். மூன்றே வரி:

யாரு: செல்வா அண்ணன்.
எங்க: பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி.
என்ன: மழை. குடை ஒண்ணுதான். ரெண்டு பேரும் பாதி நனைஞ்சோம். டீ அவர் காசு.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். என்ன பேசுவது என்று கேட்பார்கள். "இன்னிக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள், போதும்.